பூரணிக்காக அழுதவர்களே!

தியானப் பகுதி: ரூத் 3:1, 4:13-17



இவ்வாரம் நான் எழுதப்போவது சிலருக்குக் கசக்கும். என் சபையின் மூப்பர்கள் சிலருக்கும், நான் தாயைப்போல் மதிக்கும் சில அம்மாமார்களுக்கும் கசக்கும். ஆயினும் எழுதாமல் இருக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

சென்ற வாரம் ஒரு நெசவாளர் இல்லத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் நடைபெற்றது. ஜெபத்திற்காக நிறுத்தி வைத்திருந்த விசைத்தறிகள், ஆமென் சொல்லி முடித்ததும் பக்கத்துக் கொட்டகையில் மீண்டும் ஓடத் தொடங்கின. தேநீர் வந்தது. கூடத்தில் இருந்த தொலைக்காட்சியை யாரோ போட்டார்கள். ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கணவனை இழந்த இளம்பெண் ஒருத்திக்கு மறுமணப் பேச்சு நடக்கிறது. அதைக் கண்டதும் ஒரு மூத்த அம்மா முகத்தைச் சுளித்து, “இதெல்லாம் ஒரு கதையா? அந்தக் காலத்துல ‘குறிஞ்சி மலர்’னு ஒண்ணு போட்டாங்களே, பூரணி மாதிரி ஒரு பொண்ணு இருக்கணும்” என்றார். உடனே கூடம் முழுவதும் உயிர் பெற்றது. ஒருவர் அரவிந்தனைப் புகழ்ந்தார். இன்னொருவர், அவன் இறந்தபோது தெருவே அழுததென்றார். மூப்பர் ஒருவர், “கல்யாணம் ஆகாமலே அவனையே நினைச்சு வாழ்ந்தா பாருங்க, அதுதான் பத்தினித்தனம்” என்று முடித்துவைத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன்.

அந்தக் கூடத்தின் மூலையில், தன் நான்கு வயது மகளை மடியில் இருத்திக்கொண்டு ஒரு சகோதரி அமர்ந்திருந்தாள். வயது 26. ஈராண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் கணவனை இழந்தவள். (அவளது அனுமதியோடு எழுதுகிறேன், அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவளை மணக்க விரும்பி, நல்ல சாட்சி பெற்ற ஒரு சகோதரன் கேட்டிருக்கிறான். அவளுக்கும் சம்மதம். அவள் புகுந்த வீட்டாருக்குச் சம்மதமில்லை. இது அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பூரணியைப் புகழ்ந்தோம்.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை. “ஐயா, ஒரு சந்தேகம். அந்தப் பூரணிக்குப் புள்ள இருந்துச்சா? வீட்டு வாடகை யாரு கட்டுனாங்க?” என்று கேட்டாள்.

அன்பானவர்களே, இருபது ஆண்டுகளாகப் பிரசங்கிக்கிற எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தரும் பிந்திய விடை.

இளையவர்கள் அறிந்துகொள்வதற்காக அந்தக் கதையைப் பற்றிச் சில வார்த்தைகள். ‘குறிஞ்சி மலர்’ தீபம் நா. பார்த்தசாரதி எழுதிய நாவல். மணிவண்ணன் என்னும் புனைபெயரில் அவர் ‘கல்கி’ இதழில் அதைத் தொடராக எழுதினார். தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்து, தம்பி தங்கையரின் பாரத்தைத் தோளில் சுமக்கும் பூரணியும், மதுரையில் ஓர் அச்சகத்தில் பணியாற்றும் இலட்சிய இளைஞன் அரவிந்தனும் அதன் நாயகர்கள். அவர்களின் காதல் திருமணத்தை எட்டுவதில்லை. அரவிந்தன் இளமையிலேயே இறந்துபோகிறான். பூரணி வேறொருவரையும் மணவாது அவன் நினைவோடு வாழ்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலரின் பெயரை ஆசிரியர் அந்தக் கதைக்குச் சூட்டினார்.

வாசித்தவர்கள் அந்த இருவரையும் கதாபாத்திரங்களாக மட்டும் விட்டுவிடவில்லை. தமிழ்நாடெங்கும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டார்கள். நம் பகுதியிலும் அப்பெயருடையவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் தாய்மார் அந்த நாவலைப் படித்தவர்கள். தனியார் அலைவரிசைகள் தமிழ்நாட்டிற்கு வருமுன், தூர்தர்ஷன் அந்த நாவலைத் தொடராக ஒளிபரப்பியது. பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான மு. க. ஸ்டாலின் அதில் அரவிந்தனாக நடித்தார். கட்சிப் பற்றினால் பார்த்தவர்கள் உண்டு. நாவலைப் படித்திருந்ததால் பார்த்தவர்கள் உண்டு. தெருவில் ஒரே பெட்டி இருந்ததால் பார்த்தவர்களும் உண்டு. ‘என் மனத்தில் இருந்த அரவிந்தன் இப்படியல்ல’ என்று குறைப்பட்ட வாசகர்களும் இருந்ததாக எங்கள் சபையின் முதியவர்கள் சொல்வார்கள். ஆனால் பூரணியைப் பற்றி எவருக்கும் குறை இருந்ததில்லை.

ஆசிரியரைக் குறைகூற நான் வரவில்லை. இலட்சியத்தின்மேல் தாகங்கொண்ட ஒரு தலைமுறைக்கு அவர் எழுதினார். 1987இல் மறைந்த அவர் இன்று நமக்குப் பதில் சொல்லவும் இயலாது. என் வழக்கு பார்வையாளர்களாகிய நம்மோடு.

நாம் எதைக் கண்டோம், எதை நினைவில் வைத்தோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூரணி படித்தவள். தகப்பன் இறந்தபின் ஒரு குடும்பத்தைத் தன் உழைப்பால் நிலைநிறுத்தினாள். மேடையேறிப் பேசினாள். ஆண்கள் கூடும் சபையில் தலைநிமிர்ந்து நின்றாள். ‘பூரணியைப் போலப் படி’ என்று எந்த வீட்டில் மகளிடம் சொன்னோம்? ‘பூரணியைப் போல மேடையேறிப் பேசு’ என்று எந்த மருமகளிடம் சொன்னோம்? அவளது கல்வியையும் உழைப்பையும் நாவன்மையையும் மறந்துவிட்டு, அவளது தனிமை ஒன்றை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அதிலும் அந்தத் தனிமையை நமக்காக எடுத்துக்கொள்ளவில்லை. பிறர்மேல் சுமத்துவதற்கு எடுத்துக்கொண்டோம்.

கதை கதைதானே, அதற்காக இவ்வளவு கோபம் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். கதையைக் கதையாகவே பார்த்திருந்தால் எனக்குக் கோபமில்லை. நாவலை நாம் தனிமையில் வாசிக்கிறோம். அப்போது எழும் கண்ணீர் நமக்கும் அந்தப் பக்கத்திற்கும் இடையில் நின்றுவிடுகிறது. தொலைக்காட்சியையோ கூடத்தில் அமர்ந்து பார்க்கிறோம். மாமியாரும் மருமகளும், நாத்தனாரும் ஓரகத்தியும், மணமாகாதவளும் கணவனை இழந்தவளும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்கிறார்கள். அங்கே வாய்விட்டுச் சொல்லப்படும் ஒவ்வொரு புகழ்ச்சியும் யாரோ ஒருவருக்குத் தீர்ப்பாகிறது. ‘பூரணி உத்தமி’ என்று சொன்னவுடன், பூரணியைப்போல் இராதவள் யார் என்பதைக் கூடம் அறிந்துகொள்கிறது. நேரடியாகச் சொல்லத் துணியாத கொடுமையை ஒரு கதாநாயகியின் பெயரால் சொல்லிவிடுகிறோம். கேட்டவள் புண்பட்டால், ‘நாங்கள் நாடகத்தைப் பற்றித்தானே பேசினோம்’ என்று கைகழுவவும் வழி இருக்கிறது. பிலாத்துவுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நமக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் போதுமானதாயிருக்கிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். பூரணி இறந்து அரவிந்தன் தனித்து வாழ்ந்திருந்தால், நம் ஆண்களுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டியிருப்போமா? மனைவியை இழந்த எத்தனை சகோதரர்களுக்கு, ஆண்டு நிறைவு ஜெபம் முடியுமுன்னே பெண் பார்த்திருக்கிறோம்! ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டாமா? நேரத்திற்குச் சோறு போட ஒருத்தி வேண்டாமா?’ என்று மூப்பர்களே கூடிப் பேசியதை நான் கண்டிருக்கிறேன். நானே இரண்டு திருமணங்களை அவ்வாறு நடத்தி வைத்திருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் தகப்பனில்லாத பிள்ளைக்கு ஒரு தகப்பன் வேண்டாமா என்று எந்த மூப்பர் கேட்டார்? பகல் முழுவதும் தார் சுற்றி, அந்தக் கூலியில் வாடகையும் பள்ளிச் செலவும் பார்க்கிற பெண்ணுக்கு, இரவில் பேச ஓர் ஆள் வேண்டாமா என்று எந்த அம்மா கேட்டார்? ஆணின் தனிமையை அவசரத் தேவையென்று எண்ணுகிற நாம், பெண்ணின் தனிமையை அலங்காரம் என்று எண்ணுகிறோம். ஒரே துயரத்தை அளக்க இரண்டு படிகளை வைத்திருக்கிறோம். வெவ்வேறான படிகளைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் போதிப்பது கடைக்காரருக்கு மட்டும்தானா?

வேதம் என்ன கற்பிக்கிறது என்று பாருங்கள். ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரங்கள் உள்ளது. அதுவும் ஒரு காதல் கதைதான். ரூத் கணவனை இழந்தவள், அந்நிய நாட்டாள். தன் மாமியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று அவள் சொன்ன சொல்லை நம் திருமண ஆராதனைகளில் கூட எடுத்துப் பேசுகிறோம். ஆனால் அந்த மாமியார் என்ன செய்தாள் என்பதை எத்தனை பேர் பிரசங்கித்தோம்? மருமகளின் பற்றைக் கண்ட நகோமி, ‘இவள் என் மகனின் நினைவாகவே இருக்கட்டும், எனக்கும் துணையாயிற்று’ என்று கணக்குப் போடவில்லை. மோவாபிலேயே, புதிய கணவனின் வீட்டில் இளைப்பாறுதல் கிடைக்கட்டும் என்று தன் இரு மருமக்களையும் ஆசீர்வதித்தாள். பெத்லெகேமில், ரூத்திற்கு நல்வாழ்வு தேடுவது தன் கடமை என்று தானே முன்வந்தாள். குளி, எண்ணெய் பூசிக்கொள், நல்ல வஸ்திரம் உடுத்திக்கொள் என்று தானே சொல்லி அனுப்பினாள். மகனைப் பறிகொடுத்த தாய் செய்தாள் இதை!

அந்தத் திருமணத்தைக் கண்ட ஊர் என்ன செய்தது? என் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஊர்வாசலில் இருந்த மூப்பர்களும் சகல ஜனங்களும் சாட்சிகளாய் நின்று ஆசீர்வதித்தார்கள். பிள்ளை பிறந்தபோது அயல்வீட்டுப் பெண்கள் வந்து கர்த்தரைத் துதித்தார்கள். அதோடு நிற்காமல், அந்தப் பிள்ளைக்கு ஓபேத் என்று பெயரிட்டவர்களும் அவர்களே. நம் தாய்மார் பூரணியைப் பார்த்து அழுதுவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். பெத்லெகேமின் பெண்களோ, மறுமணம் செய்த விதவையின் பிள்ளைக்கே பெயர் சூட்டினார்கள். இரு ஊர்ப் பெண்களும் ஒரு பெண்ணின் துயரக் கதையைக் கண்டவர்களே. ஓர் ஊர் அவளது தனிமையை வாழ்த்தியது. மற்ற ஊர் அவளது வீடு மீண்டும் கட்டப்பட்டதை வாழ்த்தியது. அந்த ஓபேத்தின் பேரன் தாவீது. மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையில் ரூத்தின் பெயர் நிற்கிறது. பெத்லெகேமின் மூப்பர்கள் நம் மூப்பர்களைப் போலிருந்திருந்தால் அந்த அட்டவணை எங்கே நின்றிருக்கும்?

பவுல் அப்போஸ்தலனைத் துணைக்கு அழைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 60 வயதுக்குக் குறைந்தவளை விதவைகளின் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று அவர் தீமோத்தேயுவுக்கு எழுதினார். இளவயது விதவைகள் மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று, வீட்டை நடத்தட்டும் என்பதே அவர் தந்த ஆலோசனை. நாமோ 26 வயதுக்காரியைப் பட்டியலில் சேர்த்து, வருடத்திற்கொருமுறை சேலை கொடுத்து, படமும் எடுத்துக்கொள்கிறோம். கணவன் இறந்தபின் மனைவி தான் விரும்பினவனைக் கர்த்தருக்குள் மணக்கச் சுதந்தரமுள்ளவள் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரே. அப்படியே இருந்துவிட்டால் நலம் என்று அவர் சேர்த்துச் சொன்னது உண்மை. அதைத் தம் கருத்தென்று சொல்லியே சேர்த்தார். சுதந்தரத்தைப் பிரமாணமாகவும், தம் எண்ணத்தை ஆலோசனையாகவும் வைத்தார் அவர். நாம் ஆலோசனையைப் பிரமாணமாக்கி, சுதந்தரத்தைக் குற்றமாக்கிவிட்டோம்.

அன்னாள் தீர்க்கதரிசி இருந்தாளே என்பீர்கள். ஆம், ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, பின் நெடுங்காலம் விதவையாய் தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்தவள் அவள். அவளைப் போலத் தனித்து வாழத் தெரிந்துகொள்ளும் சகோதரிகள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். அவர்களில் ஒருவரையும் நான் மணமுடிக்கச் சொல்லவில்லை. தானாக முன்வந்து செலுத்தும் காணிக்கைக்கும், பையில் கைவிட்டு எடுத்துக்கொள்ளும் பணத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் உண்டு. அன்னாளின் வாழ்வு அவள் செலுத்திய காணிக்கை. நம் கூடத்தின் மூலையில் இருந்தவளிடமிருந்தோ நாம் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

‘இது நம் பண்பாடு, வெள்ளைக்காரர் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்’ என்று ஒரு மூப்பர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார். அவருக்கு மதிப்போடு பதில் சொல்கிறேன். விதவை மறுமணத்திற்காக ஈசுவரசந்திர வித்யாசாகர் வாதாடி, 1856இல் சட்டம் வந்தது. அவர் வங்காளத்துப் பண்டிதர். சமஸ்கிருத சாஸ்திரங்களிலிருந்தே வாதாடினார். தமிழ்நாடு அரசு 1975 முதல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவாக விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தை நடத்திவருகிறது. இத்திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ பெற்றவர்க்கு 50,000 ரூபாயும் வழங்குகிறார்கள். வருமான வரம்பு கிடையாது. அரசு அலுவலகத்திற்கு இருக்கிற இரக்கம், நற்செய்தி கேட்ட சபைக்கு இல்லையென்றால் நாம் வெட்கப்பட வேண்டும்.

வெள்ளைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்ததால் அங்கிருந்தும் ஒன்று சொல்கிறேன். ஜேனட் ஓக் என்னும் கனடா நாட்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர், விசுவாசமும் காதலும் கலந்த நாவல்களை எழுதியவர். அவரது 1983ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, ‘வென் கால்ஸ் தி ஹார்ட்’ என்னும் தொடர் 2014 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகிறது. 2018இல் அதன் நாயகி எலிசபெத் கணவனை இழக்கிறாள். பார்வையாளர்கள் அங்கும் அழுதார்கள், சிலர் கோபித்தார்கள். அதன்பின் அவளை நேசிக்கும் இருவர் கதையில் வந்தார்கள். பார்வையாளர்கள் இரண்டு அணியாய்ப் பிரிந்து, லூக்காஸா, நேதனா, யாரை அவள் மணக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். அந்தச் சண்டையின் சூட்டை நான் மெச்சவில்லை. கதாபாத்திரத்திற்காக ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதும் பேதைமையே. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர்கள் வழக்கு ‘யாரை’ என்பது. நம் வழக்கு ‘எப்படித் துணிந்தாள்’ என்பது. இரண்டு அவைகளிலும் அமர்ந்திருப்பவர்கள் ஒரே வேதத்தை வாசிக்கிறவர்கள்தாம்.

பிறரைக் கடிந்துகொள்ளுமுன் என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனையில், இளவயதில் விதவையாகி நாற்பது ஆண்டுகள் தனித்து வாழ்ந்த ஒரு தாயாரை, ‘இக்காலப் பெண்களுக்கு முன்மாதிரி’ என்று புகழ்ந்தேன். ஆராதனை முடிந்தபின் அவரது மகன் என்னிடம், “அம்மா முன்மாதிரியா இருக்கணும்னு இருக்கல ஐயா. கேட்க ஆள் வரல. வந்த ஒருத்தரையும் தாத்தா துரத்திட்டாரு” என்றார். ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நான் பீடத்திலிருந்து அலங்கரித்து அடக்கம் செய்திருக்கிறேன். தேவன் என்னை மன்னிப்பாராக.

ஆகவே மூன்று காரியங்களைத் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். கூடத்தில் அமர்ந்து தொடர் பார்க்கையில், உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவள் யார் என்று பார்த்துவிட்டு வாய் திறவுங்கள். மகனை இழந்த தாய்மாரே, உங்கள் துக்கத்தை நான் அறிவேன். மருமகள் போய்விட்டால் மகனே இரண்டாம் முறை போய்விடுவான் என்று அஞ்சுகிறீர்கள். நகோமியைப் பாருங்கள். ஓபேத்தைத் தன் மடியில் வைத்து வளர்த்தவள் அவளே. மருமகளைக் கொடுத்ததால் அவள் பேரனைப் பெற்றாள். மூப்பர்களே, அடுத்த சபைக் கூட்டத்தில் இந்தச் சகோதரியின் திருமணத்தைப் பற்றி நானே பேச்செடுப்பேன். சாட்சிகளாய் நிற்பீர்களா, நீதிபதிகளாய் நிற்பீர்களா என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நீலக்குறிஞ்சியைப் பற்றி ஒரு செய்தியோடு முடிக்கிறேன். மூணாறு மலைகளில் 2006இல் பூத்த அது 2018இல் மறுபடியும் பூத்தது. ஒருமுறை பூத்த செடி காய்ந்துபோகிறது என்பது உண்மை. நாம் அதோடு கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் காய்ந்த செடியிலிருந்து விதைகள் மண்ணில் விழுகின்றன. மலை தன் காலத்தில் திரும்பவும் நீலமாகிறது. அதை இரண்டாம் முறை பூக்கக்கூடாதென்று தடுக்க எந்த மூப்பரும் அந்த மலையில் இல்லை.

சகோதரியே, உன் கேள்விக்கு என் விடை இதுதான். பூரணிக்கு மடியில் பிள்ளை இல்லை. அவள் கதையில் வாழ்ந்தாள். நீ வெண்ணந்தூரில் வாழ்கிறாய். அவளைப்போல் இருக்க வேண்டிய கடன் உனக்கு இல்லை.

ஜெபம்: நாயீன் ஊர் விதவையைக் கண்டு மனதுருகின ஆண்டவரே, கதைகளுக்காக அழுகிற எங்கள் கண்களை, எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் திறந்தருளும். நீர் சுமத்தாத சுமைகளைப் பிறர் தோளில் வைத்த எங்கள் கைகளை மன்னியும். உம்முடைய மகளின் வீடு மீண்டும் கட்டப்படுவதை எங்கள் சபை கண்டு களிகூரச் செய்யும். ஆமென்.